ஒரே அச்சு, வேறு உலோகம்: வெள்ளிக் காசை இனம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாடு வெள்ளிக் காசு அடிப்பதை நிறுத்தும்போது பெரும்பாலும் அச்சை மாற்றுவதில்லை. அதே தலை, அதே எழுத்து, அதே குறுக்களவு. உள்ளே இருக்கும் உலோகம் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். புதுக் காசை மக்கள் தயங்காமல் வாங்க வேண்டும், காசு போட்டு இயக்கும் இயந்திரங்களும் அதை ஏற்க வேண்டும் என்பது அரசுகளின் கவலை. அதனால்தான் 1964 ஆண்டிட்ட அமெரிக்க குவார்ட்டரையும் (25 சென்ட் காசு) 1965 ஆண்டிட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆண்டைப் படிக்காதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

காந்தம், எடை, ஓசை, பனிக்கட்டி என்று சோதனைகளின் பெயர்கள் பலருக்கும் தெரியும். எந்தக் காசுக்கு எந்தச் சோதனை செல்லுபடியாகும் என்பதில்தான் தடுமாற்றம். கனடா நாட்டுக் காசில் காந்தம் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும். அதே காந்தம் அமெரிக்க குவார்ட்டரிடம் ஒன்றும் சொல்லாது. அமெரிக்கக் காசுக்குத் தராசு போதும். 1946, 1947 ஆண்டுகளின் பிரிட்டிஷ் ஷில்லிங்குகளைத் தராசில் வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். ஆகவே கையில் ஒரு காசு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த நாட்டில் வெள்ளிக்குப் பதிலாக எதை வைத்தார்கள்?" என்பதுதான். விடை தெரிந்தால் எந்தச் சோதனை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு நியோடிமியம் காந்தம், ஒரு கண்ணாடி டம்ளர், மெல்லிய நைலான் நூல், மென்மையான துணி. குறுக்களவு பார்க்க ஒரு வெர்னியர் இருந்தால் நல்லது. தராசோடு வரும் சரிபார்ப்பு எடைக்கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதை முதலில் வைத்துப் பார்த்த பிறகே காசை வையுங்கள். விலை குறைந்த தராசுகள் பேட்டரி இறங்கும்போது பொய் சொல்லும்.

காசைத் தேய்க்கவோ பாலிஷ் போடவோ வேண்டாம். வெள்ளியின் மேல் படிந்த கறுப்பு பல ஆண்டுகளில் உருவானது. அதை வழித்து எடுத்த காசைச் சேகரிப்பாளர்கள் ஒரு படி கீழேதான் மதிப்பார்கள். ஒரு துப்பும் அதோடு சேர்ந்து போய்விடும், அதைப் பிறகு பார்க்கலாம்.

முதல் படி: ஆண்டையும் அச்சடித்த இடத்தின் குறியையும் படியுங்கள்

பாதிக்கு மேற்பட்ட சந்தேகங்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் டைம் (10 சென்ட் காசு), குவார்ட்டர் இரண்டும் 1964 வரை 90% வெள்ளி. 1965-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்துக்குப் பிறகு, செம்பு நடுவிலும் செம்பு-நிக்கல் கலவை இரு பக்கமும் ஒட்டிய அடுக்குக் காசுகள் வந்தன. கென்னடி அரை டாலர் மட்டும் நடுவழியில் நின்றது: 1964-இல் 90%, 1965 முதல் 1970 வரை 40%, 1971 முதல் புழக்கத்துக்கு விட்டவற்றில் வெள்ளியே இல்லை. இன்றும் அரை டாலர்களைப் புரட்டுகிறவர்கள் இந்த 40% காசுகளைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். 1964-ஐ மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தேடுவதால் வருகிற வினை.

பிரிட்டனில் 1919 வரை 92.5%, 1920 முதல் 1946 வரை 50%, 1947 முதல் செம்பு-நிக்கல். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் காசிலிருந்து வெள்ளியை எடுத்தார்கள். நியூசிலாந்திலும் 1946 வரை 50%, 1947 முதல் செம்பு-நிக்கல். அயர்லாந்தில் ஷில்லிங், ஃப்ளோரின், அரைக் கிரவுன் மூன்றும் 1943 வரை 75% வெள்ளி. 1951-இல் அதே காளை, அதே சால்மன் மீன், அதே குதிரை செம்பு-நிக்கலில் திரும்பி வந்தன.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் கதை சற்று வேறு. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே சீராக அடிக்கத் தொடங்கியதிலிருந்து ரூபாய் என்றால் 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம், அதில் 165 கிரெய்ன் சுத்த வெள்ளி. கணக்குப் போட்டால் 91.67% வரும். ஆறாம் ஜார்ஜ் காலத்தில், 1940 முதல், எடையைத் தொடாமல் வெள்ளியை மட்டும் 50 சதவீதமாக்கினார்கள். மீதி 40% செம்பு, 5% நிக்கல், 5% துத்தநாகம். 1945 வரை இப்படியே போனது. 1946-இல் அரை ரூபாயும் கால் ரூபாயும், 1947-இல் ஒரு ரூபாயும் முழு நிக்கலாகின. அவற்றின் பின்புறம் புலி இருக்கும், ஆகவே குழப்பம் இல்லை. உண்மையான குழப்பம் 1938, 1939 ஆண்டுகளின் ரூபாய்க்கும் 1940-க்குப் பிந்தைய ரூபாய்க்கும் இடையில்தான். இரண்டிலும் வெள்ளி இருக்கிறது; ஒன்றில் இருப்பது மற்றதில் இருப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு.

ஆண்டு மட்டும் போதாத இடங்களும் உண்டு. அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் 1967 ஆண்டிட்ட 10 சென்ட், 25 சென்ட் காசுகள் 80 சதவீதத்திலும் 50 சதவீதத்திலும் கிடைக்கும். 1968-இல் அதே காசுகள் முதலில் 50% வெள்ளியிலும், ஆண்டின் பிற்பகுதியில் முழு நிக்கலிலும் அடிக்கப்பட்டன. ஒரே ஆண்டு, ஒரே படம், இரண்டு உலோகம்.

சுவிட்சர்லாந்தின் 5 ஃபிராங்க் இன்னும் வேடிக்கையானது. 1967 வரை 83.5% வெள்ளி, 1968-இல் செம்பு-நிக்கல், 1969-இல் மறுபடியும் வெள்ளி, 1970 முதல் நிரந்தரமாக செம்பு-நிக்கல். "1968-க்கு அப்புறம் வெள்ளி கிடையாது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பட்டியலை நம்பி 1969-ஐ ஒதுக்கிவிடக் கூடாது.

அமெரிக்க ஐந்து சென்ட் காசு நிக்கல் என்றே அழைக்கப்படுவது. ஆனால் 1942-இன் இறுதி மாதங்கள் முதல் 1945 வரை, போருக்கு நிக்கல் தேவைப்பட்டதால், அதை 35% வெள்ளி, 56% செம்பு, 9% மாங்கனீசு கலந்து அடித்தார்கள். எடை அதே 5 கிராம். காந்தம் இரண்டையும் இழுக்காது. பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு எழுத்துதான்: வெள்ளி கலந்தவற்றின் பின்புறத்தில், மாளிகைக் குவிமாடத்துக்கு நேர் மேலே, பி, டி, எஸ் ஆகிய எழுத்துகளில் ஒன்று பெரிதாக நிற்கும். இவை அச்சடித்த இடத்தின் குறிகள்; பிலடெல்ஃபியா நாணயச் சாலை தன் குறியை அமெரிக்கக் காசில் போட்டது அதுதான் முதல் முறை. பிலடெல்ஃபியாவின் 1942 காசில் இரண்டு வகையும் உண்டு. குவிமாடத்துக்கு மேலே எழுத்து இல்லை என்றால் அது சாதாரண நிக்கல் காசு.

ஐசன்ஹோவர் டாலரில் 1971 முதல் 1974 வரையும், 1976-இலும் சான்பிரான்சிஸ்கோவின் எஸ் குறியிட்ட சிலவற்றில் 40% வெள்ளி இருக்கும். அதே எஸ் குறியோடு வெள்ளி இல்லாத ப்ரூஃப் காசுகளும் (சேகரிப்பாளர்களுக்காகத் தனியாகப் பளபளப்பாக அடித்தவை) 1973, 1974, 1976 ஆண்டுகளில் வந்தன. எனவே குறி ஒரு சந்தேகத்தை எழுப்பும், முடிவைத் தராது. 1992-இலிருந்து வெளியாகும் எஸ் குறியிட்ட ப்ரூஃப் டைம், குவார்ட்டர், அரை டாலர்களுக்கும் இதே நிலைதான். வெள்ளித் தொகுப்பும் சாதாரணத் தொகுப்பும் தனித்தனியாக விற்கப்பட்டன. உறையிலிருந்து பிரித்துவிட்டால், முகத்தை மட்டும் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது.

இரண்டாம் படி: விளிம்பு

காசைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். அமெரிக்க அடுக்குக் காசாக இருந்தால், வரிவரியான விளிம்பின் நடுவே செம்பு நிறப் பட்டை ஒன்று சுற்றிலும் ஓடும். 90% வெள்ளியில் விளிம்பு முழுவதும் ஒரே வெண்மையாக இருக்கும். கட்டுக் காசுகளைப் பிரிக்காமல் அடுக்கி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தாலே, செம்புப் பட்டைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை விளிம்பு தனியாகத் தெரிந்துவிடும். அமெரிக்க குவார்ட்டர்களைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

40% அரை டாலரில்தான் கவனம் வேண்டும். அதுவும் அடுக்குக் காசுதான். வெளி அடுக்கு 80% வெள்ளி, உள்ளே ஏறக்குறைய 21% மட்டுமே வெள்ளியுள்ள செம்புக் கலவை. அதன் விளிம்பில் பளிச்சென்ற செம்புக் கோடு இருக்காது. மங்கலான சாம்பல் நிறமோ மெலிதான பழுப்போ தெரியும். அழுக்குப் படிந்த சாதாரண அடுக்குக் காசின் விளிம்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 1965 முதல் 1970 வரை அரை டாலர் முழுவதுமே 40% என்பதால், இந்த இடத்தில் விளிம்போடு மல்லுக்கட்டாமல் ஆண்டைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கனடா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் மாற்றுக் காசுகள் அடுக்காக இல்லாமல் ஒரே கலவையாக அடிக்கப்பட்டவை. அவற்றில் பட்டையைத் தேடிப் பயனில்லை. இந்திய ரூபாயில் விளிம்பு வேறு விதமாக உதவும். 50% வெள்ளிக்கு மாறியபோது, கள்ளக் காசைத் தடுக்க விளிம்பு வரிகளின் நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் வைத்து, அதற்குள் நுண்ணிய வேலைப்பாடு செய்தார்கள். 1938, 1939 ரூபாய்களில் இந்தப் பள்ளம் இல்லை, வெறும் வரிகள்தான். ஆண்டு தேய்ந்து மங்கிப்போன ஆறாம் ஜார்ஜ் ரூபாயை லென்ஸில் பக்கவாட்டாகப் பார்த்தால், எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: காந்தம்

சுத்த நிக்கல் காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. செம்பு-நிக்கல் கலவையில் நிக்கல் இருந்தாலும், காசுகளில் வழக்கமாக வருகிற 75க்கு 25 விகிதத்தில் அதுவும் ஒட்டாது. பலர் சறுக்குவது இங்கேதான். "ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி" என்பது தப்பான முடிவு. "ஒட்டியது, ஆகவே வெள்ளி இல்லை" என்பது சரியான முடிவு. இந்தச் சோதனைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வாய் உண்டு.

1968 கனடா காசுகளுக்கும் 1947 இந்திய ரூபாய்க்கும் காந்தம் ஒன்றே போதும். போலி அமெரிக்க, சீன டாலர்களில் பல இரும்பின் மேல் முலாம் பூசியவை. அவையும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வலுவான நியோடிமியம் காந்தக் கட்டைகளை வரிசையாக வைத்து, ஏறக்குறைய 45 பாகை சாய்த்து, அதன் மேல் காசை வழுக்கவிடும் முறையும் உண்டு. வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அதில் எழும் சுழல் மின்னோட்டம் காசைப் பிடித்து இழுப்பதுபோல் மெதுவாக்கும். செம்பு-நிக்கல் சர்ரென்று இறங்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெள்ளி முலாம் பூசிய செம்பும் மெதுவாகத்தான் இறங்கும், நடுவில் செம்பு உள்ள அமெரிக்க அடுக்குக் காசும் கொஞ்சம் தயங்கும். எனவே நிச்சயமாக வெள்ளி என்று தெரிந்த, அதே அளவுள்ள காசு ஒன்றைப் பக்கத்தில் வழுக்கவிட்டு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. பனிக்கட்டிச் சோதனைக்கும் இதே குறைதான். வெள்ளியின் மேல் வைத்த கட்டி கடகடவென உருகும், செம்பின் மேல் வைத்ததும் அப்படித்தான் உருகும். அதை நான் பரிந்துரைப்பதில்லை.

நான்காம் படி: எடை

சில எடைகளை எழுதித் தராசுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது வெள்ளி, அடுத்து வருவது மாற்று உலோகம்.

- அமெரிக்க டைம்: 2.50 கிராம், 2.27 கிராம்
- அமெரிக்க குவார்ட்டர்: 6.25, 5.67 (1976 எஸ் குறியிட்ட 40% குவார்ட்டர் 5.75)
- கென்னடி அரை டாலர்: 90% என்றால் 12.50, 40% என்றால் 11.50, வெள்ளி இல்லாதது 11.34
- ஐசன்ஹோவர் டாலர்: 40% வெள்ளி 24.59, இல்லாதது 22.68
- கனடா 25 சென்ட்: 5.83, 5.06
- சுவிஸ் 1 ஃபிராங்க்: 5.0, 4.4
- சுவிஸ் 2 ஃபிராங்க்: 10.0, 8.8
- சுவிஸ் 5 ஃபிராங்க்: 15.0, 13.2
- விதை தூவும் பெண் உருவமுள்ள பிரெஞ்சு 5 ஃபிராங்க்: 1969 வரை 12.0, 1970 முதல் 10.0

தேய்மானத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நெடுநாள் கைமாறிய வெள்ளி குவார்ட்டர் 6.0 அல்லது 6.1 கிராமுக்கு இறங்கியிருப்பது சகஜம். புதிய அடுக்கு குவார்ட்டருக்கு அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 0.227 கிராம். ஆகவே அது 5.90 வரை போகலாம். 5.85 என்று காட்டும் காசு எந்தப் பக்கம் என்பதை எடை மட்டும் சொல்லாது. விளிம்பையும் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். முகம் வழவழப்பாகும் அளவுக்குத் தேய்ந்து 5.85 என்றால் வெள்ளியாக இருக்கலாம். கூர்மையாக, புதிதுபோல இருந்து 5.85 என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்துப் பிறகு எடுத்த காசுகளில், விளிம்பில் பற்றுத் தடம் மிச்சமிருக்கும். அந்த உலோகமும் எடையில் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட காசில் எடையையும் அடர்த்தியையும் ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டாம்.

பிரிட்டனின் ஷில்லிங் 1946-இலும் 5.66 கிராம், 1947-இலும் 5.66 கிராம். ஃப்ளோரின் 11.31, அரைக் கிரவுன் 14.14, இவையும் மாறவில்லை. அயர்லாந்துக் காசுகளும் அப்படியே. ஆண்டு படிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டால், இங்கே அடுத்த படிதான் வழி.

ஐந்தாம் படி: அடர்த்தி

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் நான் முழுவதுமாக நம்புவது இதைத்தான். காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அதன் அடர்த்தி மாறாது, காசுக்கும் சேதம் இல்லை.

முதலில் காசை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, தராசின் மேல் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். சோப்பு எதற்கு என்றால், காசின் எழுத்துகளின் ஓரத்தில் காற்றுக் குமிழ் ஒட்டாமல் இருக்க. அடுத்து, காசை நைலான் நூலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் தொங்கவிடுங்கள். அடியையும் பக்கச் சுவரையும் தொடக் கூடாது. கையில் பிடித்தால் நடுங்கும், டம்ளருக்கு மேலே ஒரு குச்சியைத் தராசைத் தொடாத தாங்கிகளின் மேல் குறுக்கே வைத்து அதில் கட்டுவது நல்லது. இப்போது தராசு காட்டும் எண், காசு வெளியேற்றிய தண்ணீரின் எடை. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

ஒரு ரூபாயை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த எடை 11.60 கிராம் என்று வையுங்கள். தண்ணீரில் தொங்கவிட்டதும் தராசு 1.12 காட்டுகிறது. 11.60-ஐ 1.12-ஆல் வகுத்தால் 10.36. சரி, இது பழைய 91.67% வெள்ளி. அதே எடையுள்ள மற்றொரு ரூபாய் 1.22 காட்டினால் 9.51 வரும்; அது 50% கலவை. தராசில் பத்தில் ஒரு கிராம் வித்தியாசம்தான், ஆனால் நல்ல தராசு அதைத் தெளிவாகப் பிடித்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவுகள் இவை. சுத்த வெள்ளி 10.49. 90 முதல் 92.5 சதவீதம் வரை என்றால் 10.3-ஐ ஒட்டி வரும். 80 சதவீதத்துக்கு 10.1. 50 சதவீதத்துக்கு, கூடச் சேர்த்த உலோகத்தைப் பொறுத்து 9.5 முதல் 9.7 வரை. 40 சதவீதத்துக்கு 9.5. செம்பு, நிக்கல், செம்பு-நிக்கல் மூன்றும் 8.9 முதல் 9.0 வரைக்குள் அடங்கிவிடும். பித்தளை 8.5 அளவில் நிற்கும், இரும்பு 7.8-7.9.

1920 முதல் 1946 வரையிலான அரைக் கிரவுன் என்று சந்தேகப்படும் காசு 14.00 கிராம் என்றால், வெள்ளியாக இருந்தால் தண்ணீரில் ஏறக்குறைய 1.46 காட்டும், செம்பு-நிக்கலாக இருந்தால் 1.56 காட்டும். ஷில்லிங் அளவுக்கு வந்ததும் இந்த இடைவெளி 0.04, 0.05 என்று சுருங்கும். டைம் போன்ற சின்னக் காசில், 0.01 கிராம் பிழையே அடர்த்தியில் 4% பிழையைக் கொண்டுவந்துவிடும். ஆகவே சின்னக் காசுகளுக்கு ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுங்கள். அல்லது ஒரே வகையைச் சேர்ந்தவை என்று உறுதியாகத் தெரிந்த பல காசுகளைச் சேர்த்துக் கட்டி அளக்கலாம். கோடைத் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் என்ற வேறுபாடு அரை சதவீதம்கூட வராது, அதை விட்டுவிடலாம்.

அளந்து முடித்ததும் சுத்தமான தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். துடைக்க வேண்டாம்.

நிறமும் ஓசையும்

மேலே சொன்ன கறுப்புப் படிவு இங்கே பேசும். வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். பள்ளமான இடங்களில் கருஞ்சாம்பல், ஓரங்களில் சில நேரம் நீலமும் பொன்னும் கலந்த சாயல். செம்பு-நிக்கல் அப்படிக் கறுக்காது. மங்கிய சாம்பலாகவோ லேசான பழுப்பாகவோ சோர்ந்துபோகும். சுத்த நிக்கல் வெகு நாளானாலும் சற்றே நீலம் கலந்த வெண்மையோடு கெட்டியாக இருக்கும்.

1920-களின் பிரிட்டிஷ் 50% காசுகள் கண்ணை ஏமாற்றும். அச்சடிப்பதற்கு முன் தகட்டை அமிலத்தில் நனைத்து மேற்பரப்பிலுள்ள செம்பைக் கரைத்துவிடுவார்கள்; மேலே வெள்ளி மிகுந்த மெல்லிய தோல் மிஞ்சும். அதனால் புதுக் காசு தும்பைப்பூவாக இருக்கும். அரசரின் கன்னம், புருவம், காதுமடல் ஆகிய மேடுகளில் அந்தத் தோல் தேய்ந்ததும், அடியிலிருந்து மஞ்சளும் பழுப்பும் எட்டிப் பார்க்கும். இதைப் பார்த்துவிட்டு "முலாம் போன போலி" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. லென்ஸில் பாருங்கள்: முலாம் போன காசில் நிறம் மாறும் எல்லை கூர்மையாக இருக்கும், சில இடங்களில் உரிந்த ஓரம் தெரியும், சின்னச் சின்னக் கொப்புளங்களும் இருக்கலாம். 50% காசில் வெண்மை மெல்ல மெல்ல மஞ்சளாகக் கரையும்.

ஓசைக்கு, காசைக் கல்லில் எறிய வேண்டாம். ஒரு விரல் நுனியில் நடுவாக நிறுத்தி, இன்னொரு காசின் விளிம்பால் மெதுவாகத் தட்டுங்கள். 90% வெள்ளி கணீரென்று உயர்ந்த ஓசை எழுப்பி, அது சில நொடிகள் இழையும். செம்பு-நிக்கல் அடுக்குக் காசு டக்கென்று நின்றுவிடும். விரிசல் விட்டதோ பற்றவைத்ததோ வெள்ளியாகவே இருந்தாலும் ஊமையாகத்தான் ஒலிக்கும். நல்ல வெள்ளிக் காசுகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிய பிறகே இந்தச் சோதனையால் பயன் உண்டு.

போலிகள்

இதுவரை சொன்னது அரசே இரண்டு உலோகத்தில் அடித்த காசுகளைப் பற்றி. பழைய விக்டோரியா ரூபாய், அமெரிக்க மார்கன் டாலர் போன்றவற்றுக்கு வெள்ளிப் பதிப்பு மட்டும்தான் உண்டு; வேறு உலோகத்தில் கிடைத்தால் அது போலி. ஜெர்மன் சில்வர் என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. அதில் ஒரு துளி வெள்ளியும் கிடையாது.

போலியில் எடையைச் சரிக்கட்டினால் தடிமன் மாட்டிக்கொள்ளும், தடிமனைச் சரிக்கட்டினால் எடை மாட்டிக்கொள்ளும். எனவே எடை, குறுக்களவு, தடிமன் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஈயம் கலந்து அடர்த்தியைக்கூட வெள்ளிக்கு அருகே கொண்டுவந்துவிடலாம், ஈயத்தின் அடர்த்தி 11.34. ஆனால் ஈயம் கலந்த காசு தட்டினால் ஒலிக்காது. வார்த்து எடுத்த போலியின் தளம் லென்ஸில் அம்மைத் தழும்பு போல் குழிகுழியாகத் தெரியும், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு தெரியலாம்.

அமிலமும் கருவியும்

சோதனை அமிலம் காசுக்கு உரியதல்ல. உரைகல்லில் தேய்த்தாலும் நேரடியாகச் சொட்டினாலும் தடம் விழும். வெறும் உலோகமாக உருக்கப் போகும் பொருளுக்கு அது சரி, சேகரிப்புக்கு வேண்டாம்.

எக்ஸ்-கதிர் கருவி வைத்திருப்பவர்கள் காசை அதில் வைத்துப் பார்த்து, எவ்வளவு வெள்ளி என்று சொல்வார்கள். காசுக்கு ஒன்றும் ஆகாது, நொடிகளில் சதவீதம் வந்துவிடும். ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய படலத்தை மட்டுமே. 40% கென்னடி அரை டாலரை வைத்தால், வெளி அடுக்கைப் பார்த்துவிட்டு 80% அளவில் சொல்லும். அமிலத்தில் நனைத்து வெளுத்த 50% காசிலும் கூடுதலாகவே காட்டும். கனத்த முலாம் இருந்தால் முலாமின் சதவீதத்தைத்தான் சொல்லும். கருவி காட்டிய எண்ணோடு உங்கள் அடர்த்தி எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அடர்த்தியை நம்புங்கள், அது காசு முழுவதையும் அளந்தது.

1967 கனடா காசு 80 சதவீதமா 50 சதவீதமா என்ற கேள்விக்கும் அடர்த்திதான் விடை. எடையும் தோற்றமும் இரண்டிலும் ஒன்றே. 25 சென்ட்டில் இது கைக்கு எட்டும். 10 சென்ட்டில் பொறுமையாகப் பலமுறை அளக்க வேண்டியிருக்கும்.

ஆண்டு ஒன்று சொல்லி, தராசு வேறு சொன்னால்

உலோகம் மாறும் ஆண்டுகளில் பழைய தகடு புது அச்சிலும், புதுத் தகடு பழைய அச்சிலும் சிக்கிக்கொண்டதுண்டு. 1965 ஆண்டிட்ட அமெரிக்க குவார்ட்டர் வெள்ளித் தகட்டிலும், 1964 ஆண்டிட்டது அடுக்குத் தகட்டிலும் கிடைத்திருக்கின்றன. மிக மிக அரிது. 1965 ஆண்டிட்ட காசு ஒன்று 6.25 கிராமுக்கு அருகே காட்டி, விளிம்பில் செம்புப் பட்டையும் இல்லை என்றால், முதலில் தராசை எடைக்கல்லால் மறுபடி சரிபாருங்கள். அடுத்து அடர்த்தி. அது 10.3-ஐ ஒட்டி வந்தால், ஆண்டின் கடைசி இலக்கத்தை லென்ஸில் பார்த்து, 4-ஐ 5-ஆகச் செதுக்கிய தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவும் இல்லையா? அப்புறம் அதைக் கையால் தொடுவதை நிறுத்திவிட்டு, பிவிசி கலக்காத உறையில் போட்டு, பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். எடை, தண்ணீரில் காட்டிய எண், அளந்த நாள் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய காசும் திரும்பி வந்த காசும் ஒன்றுதானா என்று பார்க்க அது உதவும்.